சுழி போட்டதும் போடாததும்

எனக்கு எண்பத்திரண்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மேலதிகமான அந்த இரண்டில் ஒன்று என் மூத்த மகளின் மகள். தாயும் தகப்பனும் மாறி மாறி வேலைக்கு ஓடியதால், கனடாவில், ரொறன்ரோவின் மல்வேர்னில் எங்கள் வீட்டில் அவளுக்குச் சோறு தீத்தி, தலை இழுத்துப் பின்னி, பள்ளிக்கூட பஸ் வரை கொண்டுபோய் விட்டவள் நான்தான். ஆகவே அவளை வளர்த்த பெருமையை நான் என் பக்கம் எடுத்துக்கொள்கிறேன். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் அவர்கள் தனியாக ஒரு புத்தகம் எழுதட்டும்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், ஆறுதலாக எழுதுவேன். ஆங்கிலத்தில் என் பெயரை மட்டும் போடத் தெரியும். அதுவும் வங்கிக்காரப் பெண் பொறுமைசாலியாக இருந்தால். இதில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

ஊரில் போர் முடிந்த வருடம் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். விமானம் ஓட்டப் போகிறேன் என்று நின்றாள்.

"பைலட்டோ?" என்றார் மருமகன். "ஏன், அக்கவுண்டன்ற் வேலைக்கு என்ன குறை? நிலத்தில இருந்து செய்யலாம்."

"அப்பா, எனக்கு நிலம் போரிங்."

விமானம் என்றால் என் தலைமுறைக்கு ஒரே ஒரு பயிற்சிதான் உண்டு: சத்தம் கேட்டதும் பிள்ளையை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடுவது. அதில் நான் நல்ல கெட்டிக்காரி. இப்போது எங்கள் வீட்டிலிருந்தே ஒருத்தி மேலே போகிறேன் என்கிறாள். சரி, மேலே இருப்பவராவது எங்கள் ஆளாக இருக்கட்டும் என்று நான் அவள் பக்கம் சாய்ந்தேன். பறக்கப் பழக ஆகும் செலவைக் கேட்ட மருமகன் மட்டும் கதிரையைத் தேடி இருந்துவிட்டார். புலமைப்பரிசில் கிடைத்தால் பறக்கலாம், கிடைக்காவிட்டால் அக்கவுண்டன்ற். வீட்டில் அப்படித்தான் தீர்ப்பு.

அந்தப் பரிசில் கொடுப்பது ஒரு சங்கம். இந்த மாகாணத்திலுள்ள சின்னச் சின்ன விமான நிலையங்களுக்கென்று ஏற்பட்ட சங்கம். சங்கம் என்றால் எங்கள் ஆட்களிடம் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்: வருடத்துக்கு ஓர் ஒன்றுகூடல், ஒரு கொத்துரொட்டி, ஒரு சண்டை, அடுத்த வருடம் இரண்டு சங்கம். இவர்கள் அப்படியல்ல. சண்டை பிடிக்க மாட்டார்கள், கடிதம் எழுதுவார்கள். ஓடுபாதையில் வெடிப்பு விழுந்துவிட்டது என்று மாகாண அரசுக்கு ஒரு கடிதம். விமான நிலையத்தை மூடிப் பண்டகசாலை கட்ட வேண்டாம் என்று நகரசபைக்கு ஒரு கடிதம். இதைக் காப்பாற்றுங்கள் என்று ஒட்டாவாவுக்கு வருடா வருடம் ஒரு கடிதம். பதில் வராத கடிதங்களை எல்லாம் வருடக் கூட்டத்தில் வாசித்து, கைதட்டி, கோப்பி குடித்து, அடுத்த வருடக் கடிதங்களுக்கு ஆள் நியமிப்பார்கள்.

"எயர்போட்டுகளுக்காக வாதாடுறது அம்மம்மா, அதுதான் அவையின்ர வேலை," என்று பேத்தி விளக்கினாள்.

"ஆரோட?"

"கவண்மென்ற்றோட."

"கவண்மென்ற் என்ன சொல்லுது?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப அது வாதாட்டம் இல்லைப் பிள்ளை. தேவாரம்."

விண்ணப்பத்தில் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது. உன் பகுதி விமான நிலையத்துக்கு நீ என்ன செய்திருக்கிறாய் என்று அதில் எழுத வேண்டுமாம். எங்கள் பகுதி விமான நிலையம் பிக்கரிங்குக்கு வடக்கே சோளக் காணிகளுக்கு நடுவில் இருந்தது. ஓர் ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, காற்சட்டையின் ஒரு காலை வெட்டிக் கம்பத்தில் கட்டினது போல ஒரு துணி. அந்தத் துணிதான் காற்று எந்தப் பக்கம் என்று சொல்லுமாம். இதற்கு நாங்கள் என்ன செய்திருப்போம்? அதைத் தாண்டி ஒருமுறை அப்பிள் பிடுங்கப் போனோம். பேத்தியோடு போட்டிக்கு நின்ற இன்னொரு பிள்ளையின் தகப்பனுக்கோ, சொந்த விமானமே அங்கே நின்றது.

சங்கத்தின் செயலாளர் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். அந்தக் காலத்தில் வடக்கே தபால் விமானம் ஓட்டியவராம். அவர் பேத்திக்கு ஒரு வழி சொன்னார். அந்த நிலையத்தை மூடுவதா விடுவதா என்று நகரசபை கோடையில் முடிவெடுக்கப் போகிறது, மூட வேண்டாம் என்று பொதுமக்களிடம் கையெழுத்து வாங்கி வா என்று.

பேத்தி முகம் தொங்கிப்போய் வந்து சொன்னாள். நான் சிரித்தேன்.

அந்த வசந்தத்தில் ரொறன்ரோவில் கையெழுத்து வாங்குவதில் என்னை வெல்ல ஆள் இல்லை. வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. போரை நிறுத்தச் சொல்லுங்கள் என்று எங்கள் எம்.பி.க்கு அனுப்ப நாங்கள் கையெழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தோம். என் தங்கை உள்ளே அகப்பட்டிருந்தாள். அவளுடைய தொலைபேசி ஓய்ந்து இரண்டு மாதம். நான் கோயில் வாசலிலும் மரக்கறிக் கடை வாசலிலும் மட்டையும் பேனையுமாக நின்றேன். எங்கள் சனம் அப்போது வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைக்கிற நிலையில் இல்லை. "எங்க வைக்கிறது அக்கா?" என்று மட்டும்தான் கேட்டார்கள்.

"ரெண்டு கடதாசியையும் நான் கொண்டு போறன்," என்றேன். "ஒண்டு போருக்கு, ஒண்டு உன்ர பிளேனுக்கு."

"அம்மம்மா, ரெண்டையும் மிக்ஸ் பண்ணிப்போடாதேங்கோ."

"ஏழு பிள்ளையள மாறிப்போகாமல் வளர்த்தனான். ரெண்டு கடதாசி மாறிப்போகுமோ?"

இரண்டுக்கும் தலைப்பு ஆங்கிலத்தில். எனக்கு இரண்டும் ஒரே கறுப்பு வரிதான். நான் ஓர் அடையாளம் வைத்தேன். போர்க் கடதாசி ஒவ்வொன்றின் உச்சியிலும் பிள்ளையார் சுழி போட்டேன். அந்தக் காரியத்துக்கு விக்கினம் வரக்கூடாது அல்லவா. விமானக் கடதாசியை வெறுமையாக விட்டேன். வானத்தில் பறக்கிறவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

முதல் இரண்டு நாளும் விமானக் கடதாசிக்கு நான் ஒழுங்காகவே விளக்கம் சொன்னேன். "என்ர பேத்தி பறக்க வேணும், பிளேன் ஓடுற றோட்டை மூடப் பாக்கினம்," என்றேன்.

"மூடினால் நல்லதுதானே அக்கா, பிளேனால நாங்கள் பட்டது காணாதோ?" என்றாள் மரக்கறிக் கடையில் ஒரு பெண்.

"இது குண்டு போடாத பிளேன். வை பிள்ளை."

வைத்தாள். மூன்றாம் நாளிலிருந்து நானும் "வை" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மோர்னிங்சைட் பக்கம் ஒரு தேவாலயத்துக்குப் போனேன். மன்னார், தீவுப் பகுதிச் சனம் நிறைய வரும். அங்கே கொண்டுபோன போர்க் கடதாசிகளுக்கு நான் சுழி போடவில்லை. மாதா சந்நிதியில் பிள்ளையார் சுழியை நீட்டுவது மரியாதை இல்லை என்று பட்டது. இது பதினொரு தாள், மறந்துபோகாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் ஞாபகசக்தியைப் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயம் அப்படி.

பிறகு எல்லாவற்றையும் அனுப்ப வேண்டிய நாள் வந்தது. பேத்தி மற்றப் பிள்ளைகளோடு பஸ்ஸில் ஒட்டாவாவுக்குப் போயிருந்தாள், பாராளுமன்றத்துக்கு முன்னால் நிற்க. மகள் வேலையில். நான் தனியே சாப்பாட்டு மேசையில் இருந்து பிரித்தேன். சுழி உள்ளது வெள்ளை உறைக்குள், எம்.பி.க்கு. சுழி இல்லாதது மண்ணிறப் பெரிய உறைக்குள், சங்கத்துக்கு. மருமகன் வேலைக்குப் போகிற வழியில் இரண்டையும் சேர்ப்பித்துவிட்டார். நான் தேநீர் ஊற்றிக் குடித்தேன். படித்தவர்கள் செய்கிற வேலையை எல்லாம் படிக்காதவள் எவ்வளவு சுத்தமாகச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டே குடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் என்னிடம் வந்தார். எழுத்து என்றால் உயிரை விடுகிற மனிதர்.

"அக்கா, கோவிக்கக் கூடாது. அண்டைக்கு நீங்கள் பிரசாதம் வாங்கப் போன நேரம் உங்கட மட்டையைப் பாத்தன். கன கடதாசி சுழி இல்லாமல் கிடந்தது."

"ஓம் மாஸ்டர்?"

"சுழி போடாத கடதாசியில சனம் கையெழுத்து வைக்கலாமோ? நீங்கள் மறந்துபோனியள் எண்டு எல்லாத்துக்கும் நானே வடிவாய்ப் போட்டுவிட்டன்."

அவர் நன்றியை எதிர்பார்த்து நின்றார். நானும் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

வீட்டுக்கு நடந்து வரும்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாஸ்டரின் வடிவான சுழியோடு விமானக் கடதாசி எல்லாம் எம்.பி.யிடம் போய்விட்டது. மாஸ்டர் சுழி போட்ட அன்று மட்டையில் இல்லாத, தேவாலயத்தில் வாங்கிய பதினொரு போர்க் கடதாசியும் சங்கத்துக்குப் போய்விட்டது. போரை நிறுத்தும்படி சோளக் காணிக்கு நடுவிலுள்ள விமான நிலையத்திடம் மன்னார்ச் சனம் கேட்டிருக்கிறது.

இனி எழுதப்போவதை நான் பேத்திக்கு இதுவரை சொன்னதில்லை. அன்று வீட்டுக்கு வந்து நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவள் கிழவருக்குப் போன் எடுத்து உறையைத் திருப்பிக் கேட்டிருப்பாள். கடதாசியைச் சரியான உறைக்குள் போடத் தெரியாத பிள்ளையா விமானம் ஓட்டப்போகிறது என்று அவர்கள் கேட்டிருப்பார்கள். பரிசில் போயிருக்கும். அந்தப் பதினொரு தாளில் இருந்தவர்களுக்கும் உள்ளே ஆட்கள் இருந்தார்கள், என் தங்கை இருந்தாள். எனக்குத் தெரியும். எம்.பி.யிடம் ஏற்கனவே பெட்டி பெட்டியாக எங்கள் கையெழுத்து இருக்கிறதே, ஒரு பதில் வந்ததா, இந்தப் பதினொன்றா போரை நிறுத்தப்போகிறது என்று எனக்கு நானே வக்கீலாக நின்று வாதாடினேன். நல்ல வக்கீல். நான் ஒத்துக்கொண்டேன்.

ஒரு கிழமையில் போர் முடிந்துவிட்டது. தொலைக்காட்சியில் காட்டினார்கள். பேத்தி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் அரிசி கழுவினேன், வேண்டியதைவிட அதிகநேரம்.

பதினொரு நாள் கழித்துச் சங்கத்தில் பேத்திக்கு நேர்முகம். பேத்தி தானே கார் ஓட்டினாள்; நானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டேன். நேர்முகம் அந்தத் தகரக் கொட்டகைக்குள். கிழவர் மட்டும் இருந்தார். மீசையைக்கூட இஸ்திரி போட்டு வைத்திருந்தார். எனக்கு ஒரு கோப்பி தந்தார், சீனி இல்லாமல். மரியாதைக்குக் குடித்தேன்.

முதலில் அவர் ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டிச் சந்தோஷமாக ஏதோ சொன்னார். பேத்தியின் கண் அகன்றது.

"அம்மம்மா, எம்.பி.யின்ர ஒஃபிஸால கடிதம் வந்திருக்காம். எங்கட தமிழ்ச் சனம் இந்த எயர்போட்டை இவ்வளவு விரும்பினம் எண்டு தனக்குத் தெரியாமல் போச்சாம். மினிஸ்டரோட கதைக்கிறாராம். நகரசபைக்கும் எழுதுறாராம். இவையள் எத்தினையோ வருசமா ஒட்டாவாவுக்கு எழுதி ஒரு வரி பதில் வரேல்லையாம்!"

நான் கோப்பிக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். குண்டு விழுகிறது, நிறுத்துங்கள் என்று பெட்டி நிறைய எழுதினோம், பதில் இல்லை. சோளக் காணிக்கு நடுவில் வெடித்த ஓடுபாதைக்கு ஒரு சின்னக் கட்டுப் போனது. கையொப்பமிட்ட கடிதம், மினிஸ்டர், நகரசபை எல்லாம் வந்துவிட்டது. கேட்பதற்குச் சரியான சாமானைத்தான் நாங்கள் இவ்வளவு காலமும் தெரிந்தெடுக்காமல் இருந்திருக்கிறோம்.

பிறகு கிழவர் மண்ணிற உறையைத் திறந்து பதினொரு தாளையும் மேசையில் பரப்பினார். சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. பேத்தி தலைப்பை வாசித்தாள். அவள் கழுத்து சிவந்து வந்தது.

"அம்மம்மா, உது என்ன?"

"நான் என்னத்தைக் கண்டன்?" என்றேன். அன்று நான் முழித்த முழியை அவள் நம்பினாள். இன்றுவரை நம்புகிறாள்.

அவள் கிழவரோடு நீளமாகக் கதைத்தாள். எனக்கு விளங்கவில்லை, ஆனால் விண்ணப்பக் கோப்பைத் தன் பக்கம் இழுத்தது விளங்கியது.

"என்னடி செய்யிறாய்?"

"கடதாசி மாறிப்போச்சு எண்டு சொன்னன். இந்த லெற்றர் வந்தது என்ர வேலையால இல்லை, பிழையால. கையெழுத்து வைச்ச ஆக்கள் எயர்போட்டை நினைச்சு வைக்கேல்லை. அப்ப நான் இந்த ஸ்கொலஷிப்பைக் கேக்கேலாது."

"உண்மை சொல்ல நேரம் பாத்தியே! விண்ணப்பத்தை வை அங்க."

"அம்மம்மா, ஏலாது."

நான் ஏழு பிள்ளை வளர்த்தவள். ஒன்று பொய் சொல்லும்போது அடித்திருக்கிறேன். உண்மை சொல்லும்போது என்ன செய்வதென்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கிழவர் ஒரு தாளை விரலால் தொட்டு ஏதோ கேட்டார்.

"இந்தப் போர் நிண்டுட்டுதோ எண்டு கேக்கிறார்," என்றாள் பேத்தி. அவரைப் பார்த்து ஒரு வரி சொன்னாள். பிறகு எனக்குத் தமிழில் சொன்னாள்: "ஆரும் நிப்பாட்டேல்லை, முடிஞ்சுது எண்டு சொன்னன்."

கிழவர் பதினோராவது தாளை எடுத்தார். அதில் கடைசியில் ஓர் இடம் மிச்சம் இருந்தது. சட்டைப்பையில் இருந்த பேனையை எடுத்து, பெயர், விலாசம், கையெழுத்து என்று ஒவ்வொரு கட்டத்தையும் ஒழுங்காக நிரப்பினார். பதினொரு தாளையும் தட்டி நேராக்கி என் கையில் தந்தார்.

போர் முடிந்து பதினொரு நாளுக்குப் பிறகு, போரை நிறுத்து என்று ஒரு வெள்ளைக்காரர் கையெழுத்து வைத்தார். நல்ல மனிதர். நேரம் தவறாமல் தபால் கொண்டுபோனவராம்.

பேத்தியின் விண்ணப்பக் கோப்பை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. மறுபடி தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, மற்றவர்களோடு கதைக்க வேண்டும் என்றார்.

மூன்று கிழமை நானும் மருமகனும் தபால்பெட்டிக்குப் போட்டி போட்டு நடந்தோம். அவர் அக்கவுண்டன்ற் படிப்புப் புத்தகம் ஒன்றை வாங்கியே வைத்துவிட்டார். கடிதம் வந்தபோது மகள் பெலமாக வாசித்தாள். பரிசில் இவளுக்குத்தான். விமான நிலையத்துக்காகச் சிறப்பாக வாதாடியதற்காக என்று அச்சடித்திருந்தார்கள். அடியில் கிழவர் கையால் ஒரு வரி: பிழையை ஒளிக்காத ஆள் ஓட்டுகிற விமானத்தில் தான் ஏறுவாராம்.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிழையை ஒளித்தவள் ஓட்டுகிற விமானத்தைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை.

நகரசபை அந்த நிலையத்தை மூடவில்லை. ஓடுபாதை இன்னும் இருக்கிறது, வெடிப்பும் இருக்கிறது, சங்கம் வெடிப்பைப் பற்றி இன்னும் எழுதுகிறது. பேத்தி அங்கேதான் பழகினாள். இப்போது வடக்கே, றோட்டே இல்லாத ஊர்களுக்கு மருந்தும் உருளைக்கிழங்கும் ஏற்றிப் போகிறாள். மருமகன் வருகிற போகிற ஆட்களிடம் எல்லாம், தான்தான் அவளைப் பைலட்டாக்கியது என்கிறார். நானும் ஓம் என்று தலையாட்டுகிறேன். அவருக்கும் ஏதாவது வேண்டாமா?

அந்த வருடம் மழைக்காலத்தில் தங்கை முகாமிலிருந்து யாருடையதோ போனில் கூப்பிட்டாள். உயிரோடு இருந்தாள். கதைத்து முடிகிற நேரம், எனக்குப் பொறுக்கவில்லை, பதினொரு தாளின் கதையை அவளுக்குச் சொன்னேன். தெரிந்தும் வாய் மூடியிருந்ததைச் சொன்னேன். அவள் ஏசுவாள் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு.

"எடி அக்கா, உன்ர பதினொரு பேப்பர் போயிருந்தா ஷெல்லடிக்கிறவன் வாசிச்சுப்போட்டு வீட்டை போயிருப்பானோ? பெடிச்சி பறக்கிறாளோ, அதைச் சொல்லு."

"பறக்கிறாள்."

"பிறகென்ன? இஞ்சால ஒருக்கா வரச் சொல்லு. சத்தம் கேட்டால் ஓடாமல் நிண்டு பாக்கிறன்."

அவள் சிரித்ததை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். அதுவும் என் வக்கீல் சொன்னதுதான். தங்கை போன வருடம் ஊரில் கண்ணை மூடினாள். பேத்தி அவளுக்கு மேலே ஒருநாளும் பறக்கவில்லை. அவளுடைய விமானம் அவ்வளவு தூரம் போகாது. இனி இந்தக் கதை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று ஆனபோது அது எனக்குப் பாரமாக இருந்தது. அதனால்தான் எழுத ஒரு கொப்பியும் பென்சிலும் வாங்கினேன். பதினொரு தாளும் என் பெட்டிக்குள், கூறைச்சேலைக்கு அடியில் இருக்கின்றன, கிழவரின் கையெழுத்தோடு.

பேத்தி நேற்று லீவில் வந்திருக்கிறாள். குசினியில் நின்று, கழுவாத கையால் நான் பொரித்த வடையை எடுத்துத் தின்கிறாள். அவளுடைய தமிழ் வாசிப்பு என்னுடையதைவிட மெதுவு. அது நல்லது, நடுவில் நான் எழும்பி வெளியே போக நேரம் இருக்கும். ஆனால் போகமாட்டேன்.

"பிள்ளை, கையைத் துடைச்சுப்போட்டு இஞ்ச வா. இந்தா கொப்பி. முதல் பக்கத்தில சுழி போட்டிருக்கிறனோ எண்டு பார். போட்டிருந்தா இதில இரு. முதலில இருந்து பெலத்து வாசி. நான் கோயிலால நடந்து வந்த இடம் வரேக்க மட்டும் என்ர முகத்தைப் பாராத."